தீபாவளிக்கு அவசரப்பட்டு அடிக்காதீர்கள்: பழைய ரங்கூன் வீடும் பெயிண்டும்

ரங்கூனில் பசுண்டவுன் வட்டாரத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். தாத்தா இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் கட்டிய வீடு. கீழ்த்தளம் செங்கல், மேல்மாடி தேக்குப் பலகை, மேலே தகரக் கூரை. மூன்று வருஷத்துக்கு முன் தண்ணீரில் கலக்கும் விலை உயர்ந்த எமல்ஷன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆனாலும் மழை முடியும்போதெல்லாம் கீழ்ச்சுவர் கொப்புளம் விட்டு உரிகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது, மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. தீபாவளிக்குள் மறுபடியும் அடித்துவிட வேண்டும், எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது என்பது அவர் கேள்வி.

கம்பெனி பெயரைப் பிறகு பார்க்கலாம் தம்பி. உங்கள் வீட்டில் பெயிண்ட் கெட்டுப்போகவில்லை. சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது, அது வெளியே வர வழி தேடுகிறது. வழியில் பெயிண்ட் நிற்பதால் அதைத் தள்ளிவிட்டு வருகிறது. இன்னும் விலை கூடிய டப்பாவை வாங்கி அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் இதே கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

முதலில் காலத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் வருஷா வருஷம் பணத்தை இழப்பது இதில்தான். ரங்கூனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையில் 1,400 மி.மீ. அளவுதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே மாதத்துக்கு 500 மி.மீ.க்கு மேல் கொட்டும். மே நடுவில் பிடித்த மழை அக்டோபர் நடுவில்தான் விடும். பர்மியர்களின் விளக்குத் திருவிழாவான தடிஞ்சுட் பௌர்ணமிக்கு விளக்கு ஏற்றி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தீபாவளி வந்துவிடுகிறது. ஐந்து மாதம் நனைந்த கனத்த செங்கல் சுவர் இரண்டு வாரத்தில் காயாது. தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அந்தச் சமயத்தில் எமல்ஷன் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கே பழைய வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம் தைப்பொங்கலுக்குப் பிறகுதான். ஜனவரி நடுவில் தொடங்கி, ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இந்த மூன்று மாதமும் மழை கிட்டத்தட்டக் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் "தீபாவளிக்குப் பழைய சுவரா?" என்று கேட்பார்கள், எனக்குத் தெரியும். சுவர் அப்படி நின்றால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தத் தீபாவளிக்கு உரிந்ததைச் சுரண்டி எடுங்கள், பூஞ்சணத்தைக் கழுவுங்கள், கதவு ஜன்னலின் உட்புறத்துக்கு மட்டும் பெயிண்ட் அடியுங்கள். கீழ்ச்சுவரை வெறும் காரையாகவே விட்டுவிடுங்கள். அந்த நிலையில்தான் அது வேகமாகக் காயும். பொங்கலுக்கு முன் கிடைக்கும் அந்த இரண்டரை மாதம் சுவருக்கு மிகவும் தேவை.

அப்புறம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இதற்கு ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை, கறை இருக்கும் இடமே சொல்லிவிடும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் நெடுக ஒரே பட்டையாக இருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். நம் பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது, இருந்தாலும் இத்தனை வருஷத்தில் வீணாகியிருக்கும். சுவரின் உச்சியில் கறை இருந்தால் கூரையோ, தகரத் தூம்போ ஒழுகுகிறது. நடுச்சுவரில் தனியாக ஒரு வட்டம் என்றால் உள்ளே போகும் குழாயைப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால், காற்றுப் போகாத மூலையில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு மட்டும் இருந்து, சுவர் பொரியாமல் இருந்தால் அது காற்றிலுள்ள ஈரம் படிந்து வந்தது. பீரோவை நாலு விரல்கடை முன்னால் இழுத்துப் போட்டாலே பாதி சரியாகும்.

சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். தை மாதத்தில் வேலை தொடங்கும் முன் மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். உட்புறம் காய்ந்திருந்தால் வேலையைத் தொடங்கலாம், இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

வெளியே வந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். தெருவை மேலே மேலே உயர்த்தியதில் பல பழைய வீடுகளின் தரை இப்போது தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா? பின்சந்தின் சாக்கடை அடைத்திருக்கிறதா? கூரைத் தண்ணீர் நேராகத் தரையில் விழுந்து சுவரில் தெறிக்கிறதா? தூம்பைச் சரிசெய்து, சுவரோர மண்ணைத் தோண்டித் தாழ்த்தி, தண்ணீர் விலகி ஓடும்படி சரிவு கொடுத்தாலே கீழ்ச்சுவர் ஈரம் பெருமளவு குறையும். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்பேன். வண்ணத்தைப் போலக் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் யாரும் செய்வதில்லை. சுவரைக் காப்பாற்றுவது இதுதான்.

சுவர் வெடிப்பில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் இலையை மட்டும் கிள்ளிவிடாதீர்கள். கிள்ளக் கிள்ள வேர் தடிக்கும். பக்கத்துச் செங்கலை எடுத்து வேரோடு களைந்துவிட்டு மறுபடி காரை வைக்க வேண்டும். நகர நடுவில் உள்ள பழைய மாடிகளின் முகப்பில் நிற்கும் மரங்களெல்லாம் இப்படி ஒரு காலத்தில் யாரோ கிள்ளிவிட்டுப் போன கன்றுகள்தான்.

இனி சிமெண்ட். உங்கள் வீட்டுக் கீழ்ச்சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சாம்பல் நிறச் சிமெண்ட் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். ஓதம் வந்தால் சிமெண்ட் பூசு என்பது இங்கே எல்லாக் கொத்தனார்களும் சொல்வது. ஆனால் உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. செங்கலும் மென்மையானது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. மூன்றடி வரை அடைபட்ட ஈரம் அதற்கு மேலே ஏறி நாலாவது, ஐந்தாவது அடியில் உப்பைக் கொண்டுவந்து தள்ளும். "சிமெண்ட் பூசியும் ஓதம் மேலே ஏறுதே" என்று சொல்வார்கள். உண்மையில் சிமெண்ட் பூசியதால்தான் மேலே ஏறியது. அந்தப் பூச்சு தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் போட்டால் செங்கலை விட்டுப் பிரிந்திருக்கிறது, அதைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசுங்கள். செங்கலோடு இறுகப் பிடித்திருந்தால் உளியால் அடித்துச் செங்கலையும் சேர்த்து உடைத்துவிடாதீர்கள், அதை விட்டுவிட்டு வெளியே தண்ணீர் வழியைச் சரிசெய்யுங்கள்.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. தண்ணீரில் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே ஒரு தாள் போட்டு அள்ளி வெளியே கொட்டுங்கள். மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். பூப்பது நிற்கும்வரை அதன்மேல் எதையும் அடிக்காதீர்கள். சிலர் ஆசிட் ஊற்றுவார்கள், அது சுண்ணாம்பையே தின்றுவிடும். வேண்டவே வேண்டாம்.

பூஞ்சணத்துக்கு வேறு வைத்தியம். கறுப்புப் புள்ளி மேல் ஒரு சொட்டு ப்ளீச் விடுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் வெளுத்தால் பூஞ்சணம், வெளுக்காவிட்டால் அழுக்கோ புகையோதான். பூஞ்சணம் என்றால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, கழுவிக் காய வையுங்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும். ப்ளீச்சோடு ஆசிடையோ அம்மோனியா உள்ள கழுவுநீரையோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். பூஞ்சணத்தைக் கொல்லாமல் மேலே அடித்தால் சில மாதத்தில் புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

சரி, கீழ்ச்சுவருக்கு எதை அடிப்பது? என் பதில் சுண்ணாம்பு. தாத்தா காலத்தில் அடித்த அதே வெள்ளை. பழைய முறை என்ற பாசத்தால் சொல்லவில்லை. சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஈரம் தடையில்லாமல் வெளியேறும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அது மெல்லக் கல்லாக இறுகும். இந்த நாட்டில் இவ்வளவு மழையில் நிற்கும் செங்கல் பகோடாக்களுக்குச் சுண்ணாம்பு அடித்து அடித்துத்தான் பாதுகாத்து வருகிறார்கள். அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கெட்டாலும் கொப்புளம் விடாது, தூளாகத்தான் உதிரும். அடுத்த வருஷம் சுரண்டாமலே மேலே ஒரு கை அடித்துக்கொள்ளலாம்.

செய்முறை எளிது. நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் குறைந்தது ஒரு இரவு ஊற வையுங்கள், ஒரு வாரம் ஊறினால் இன்னும் நல்லது. மெல்லிய துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரையுங்கள். கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் பூச்சு வெடிப்பு விடும். சுவரைத் தண்ணீர் தெளித்து லேசாக நனைத்துவிட்டு, மட்டப் பிரஷ்ஷால் மெல்லிசாக அடியுங்கள். அடிக்கும்போது நிறம் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். வேலையாள் "பிடிக்கவில்லை" என்று கெட்டியாக இழுக்கப் பார்ப்பார், விடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று நான்கு கை வேண்டும். கொஞ்சம் துணி நீலம் சேர்த்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும். மழை படும் வெளிச்சுவருக்கு வாளிக்கு ஒரு கரண்டி ஆளிவிதை எண்ணெய் சேர்க்கலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணை உண்மையிலேயே பொசுக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் நம் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். தமிழ்நாட்டில் சுண்ணாம்பு கையில் ஒட்டாமலிருக்கக் கஞ்சியோ வச்சிரப் பசையோ கலப்பார்கள். அங்கே வெயில் காய்ச்சுவதால் தப்பித்துக்கொள்கிறது. இங்கே மழைக்காலத்தில் கஞ்சியும் வச்சிரமும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. கல்லுப்பும் கலக்காதீர்கள். ஏற்கெனவே உப்புப் பூக்கும் கீழ்ச்சுவரில் இன்னும் உப்பைக் கொட்டுவது வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய எமல்ஷனைக் காரை தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். ஓதம் ஏறும் கீழ்ப்பகுதியில் அது எப்படியும் உரிந்து நிற்பதால் சுலபமாக வரும். அதற்கு மேலே கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், பாலிதீன் சோதனையிலும் ஈரம் இல்லையென்றால், எமல்ஷனையே மறுபடி அடியுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மரப்பட்டையோ வண்ணக் கோடோ கொடுத்தால் பார்க்க வேண்டுமென்றே செய்தது போல அழகாக இருக்கும். இங்குள்ள பழைய வீடுகளில் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம் அடிக்கும் வழக்கம் முன்பே உண்டு.

எமல்ஷன் அடிக்கும் பகுதியில் முதலில் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரக் கையால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறதா? அது பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ, அதன்மேல் நேராக எமல்ஷன் நிற்காது, தூளோடு சேர்ந்து உரியும். ஒட்டவில்லை என்றால் ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் வந்தால் எமல்ஷன், வராவிட்டால் எண்ணெய் எனாமல். எனாமலாக இருந்தால் பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, அதற்கென்று உள்ள பிரைமரை, அதாவது பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சை, அடித்த பிறகுதான் எமல்ஷன். பள்ளம் நிரப்பும் பட்டியும் வெளிச்சுவருக்குப் போட்டால் வெளிப்புறத்துக்கு உரியதைத்தான் போட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் நேராக எனாமல் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். சுண்ணாம்பின் காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாக மாறிப் பிசுபிசுத்துப் போகும்.

அடிக்கும் நேரமும் முக்கியம். தை மாசியில் விடியற்காலைப் பனி சுவரில் படியும். பனி உலர்ந்த பிறகு தொடங்கி, வெயில் நேராக அடிக்கும் பக்கத்தை விட்டு நிழல் பக்கமாக நகர்ந்துகொண்டே அடித்து, சாயங்காலம் நாலு மணிக்குள் வெளிவேலையை நிறுத்திவிடுங்கள். பெயிண்ட் காயும் முன் பனி இறங்கினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

மேல்மாடித் தேக்குக்கு வருகிறேன். இதில் நான் பிடிவாதக்காரன். உங்கள் பலகை இதுவரை பெயிண்ட் காணாமல் கறுத்திருந்தால், தயவுசெய்து அப்படியே விடுங்கள். அந்தக் கறுப்பு பழைய காலத்தில் எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஏனாஞ்சவுங் ஊரின் கச்சா எண்ணெய் தடவித் தடவி வந்ததாக இருக்கலாம். மர வீடுகளையும் மடங்களையும் கறையானிலிருந்தும் மழையிலிருந்தும் இங்கே அப்படித்தான் காப்பாற்றினார்கள். அதன்மேல் வெளிர் நிறப் பெயிண்ட் அடித்தால் எண்ணெய் கசிந்து பழுப்புக் கறையாக மேலே வரும், பெயிண்டும் பிடிக்காது. கழுவிக் காய வைத்து, நல்ல மர எண்ணெய் தடவினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பலகை என்றால் வேறு வழியில்லை, அடித்துத்தான் ஆக வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. வெறும் மரம் தெரியும் இடத்தைத் தின்னரால் துடைத்து, அன்றைக்கே எண்ணெய்ப் பிரைமர் அடிக்க வேண்டும். நாள் கடத்தினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். பலகையின் வெட்டு முனைகளை மறக்காதீர்கள். மரம் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, முனையால். ஜன்னல் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் பலகை முனைகளையும் இரண்டு கை கூடுதலாக அடியுங்கள். அதற்கு முன் ஒரு கூரான ஊசியால் அங்கங்கே குத்திப் பாருங்கள். பஞ்சு போல உள்ளே போனால் அந்தத் துண்டை மாற்றுங்கள். உளுத்த மரத்துக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை.

கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு என்ற துரு தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் எனாமல். புதுத் துத்தநாகத் தகடு போட்டிருந்தால் அதற்குரிய பிரைமர் இல்லாமல் எனாமல் அடிக்காதீர்கள், பெயிண்ட் செதில் செதிலாகக் கழன்று வரும்.

2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் வந்த நிலநடுக்கத்தை ரங்கூனிலும் உணர்ந்தோம். அதற்குப் பிறகு பழைய சுவர் வெடிப்புகளை எல்லோரும் பயத்தோடு பார்க்கிறார்கள். பார்ப்பது நல்லதுதான். மயிரிழை போலப் பூச்சில் மட்டும் ஓடும் வெடிப்பைப் பட்டி பார்த்து மூடலாம். செங்கல் வரிசையைப் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் வெடிப்பு, ஒரு பக்கம் முன்னால் தள்ளி நிற்கும் வெடிப்பு, கதவைச் சாத்த முடியாமல் செய்யும் வெடிப்பு, இவற்றை மூடாதீர்கள். இரண்டு பக்கமும் பென்சிலால் குறி போட்டு, தேதி எழுதி, அகலம் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாடித் தளத்தின் அடியில் இரும்பு உத்தரம் போகும் இடத்தில் நேர்கோடாக வெடித்திருந்தால் உள்ளே இரும்பு துருவேறிப் பருத்துக்கொண்டு காரையைப் பிளக்கிறது. அதையும் பெயிண்டால் மறைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதை விடவே விடாதீர்கள். உங்கள் வீடு அவ்வளவு பழையது என்பதால் கதவு, ஜன்னல், கம்பி இவற்றின் அடி அடுக்கு எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை பாருங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், மின்சார மெஷினால் தேய்க்காதீர்கள், ஊதுவிளக்கால் பொசுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். கீழே பாலிதீன் விரித்து, உதிர்ந்ததை ஒன்றுவிடாமல் சுருட்டிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், எரிக்க வேண்டாம். வேலை செய்பவருக்குத் துணி முகமூடி போதாது, தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். அவர் கை கழுவிவிட்டுத்தான் வெற்றிலை போட வேண்டும், சாப்பிட வேண்டும். சுரண்டும் நாட்களில் குழந்தைகளையும், பிள்ளைத்தாய்ச்சி யாராவது வீட்டில் இருந்தால் அவரையும், சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்த பிறகு அவர்களைத் திரும்பக் கூட்டி வாருங்கள்.